பூசணிக்காய் ஆடாத ஆட்டம்

பூசணிக்காய் ஒன்பது நகர்த்தல்கள் வரை ஒரு பிழைகூட இல்லாமல் ஆடியது.

நாலு கிலோ இருக்கும். டாக்டர் மீனலோசனி மருத்துவமனை வாசலில் இருந்த காய்கறி வண்டியில் தன் கையாலேயே பொறுக்கி வாங்கிவந்தது. அதைத் துடைத்து, மேசைமேல் வைத்து, நோயாளியின் தலையில் மாட்டும் தொப்பியை அதற்கு மாட்டச் சொன்னார். திரையில் சதுரங்கப் பலகை தெரிந்தது. பூசணிக்காய் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. குதிரையை எடுத்தது. பிஷப்பை எடுத்தது. ஒன்பதாவது நகர்த்தலில் ஒழுங்காகக் கோட்டைகூடக் கட்டிவிட்டது.

"பாத்தீங்களாம்மா?" என்றார் டாக்டர் மீனலோசனி. இருப்புச் சான்று வாரியத்தின் தலைவர் அவர். "நேத்து உங்க வீட்டுக்காரர் ஆடினதைவிட இது நல்லாவே ஆடுது. இதுக்கும் சான்று குடுத்துடலாமா?"

அந்தக் காயைத் தூக்கி அந்த அம்மாள் காலடியிலேயே போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது ரேணுகாவுக்கு. உடைக்கவில்லை. இருபத்தாறு வருஷம் சதுரங்கப் போட்டிகளில் நடுவராக நின்றவள் அவள். தோற்றவன் கத்துவான், ஜெயித்தவன் குதிப்பான், நடுவர் மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. அந்தப் பழக்கத்தில் நின்றாள்.

அவள் புருஷன் குணசீலன் ஏழு மாதத்துக்கு முன்னால் பெரம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்தார். மூளைக்குள் ரத்தம் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து கண் திறந்திருக்கிறது, ஆனால் அசையவில்லை. கை அசையவில்லை, கால் அசையவில்லை, மூச்சைக்கூட இயந்திரம்தான் விடுகிறது. போன தலைமுறையில் இப்படிப்பட்டவர்களை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். இப்போது தொப்பி வந்துவிட்டது. நினைப்பதைப் படிக்கும் தொப்பி. "ஆமாம் என்றால் மாம்பழத்தை நினை, இல்லை என்றால் மழையை நினை" என்று காதில் சொன்னால், படுத்துக் கிடக்கிறவர் நினைப்பதை அது படித்துச் சொல்லிவிடும். முதல் வருஷத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தொப்பியின் முன்னால் கதறி அழுதன. எட்டு வருஷமாக வாய் திறக்காத அப்பா "பசிக்குது" என்றார்.

நல்லது ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே ஒரு சட்டம் வருமே, வந்தது. இருநூறு நாளுக்குள் தொப்பிக்குப் பதில் சொல்லாதவர் 'இல்லாதவர்'. அவருடைய படுக்கையும் மூச்சு இயந்திரமும் வரிசையில் அடுத்தவருக்கு. சட்டம் எழுதியவர்களைத் திட்டிப் பயனில்லை. கீழ்த்தளத்து வராந்தாவில் அந்த அடுத்தவர் கிடந்தார், திண்டிவனத்துக்காரர், வயது முப்பத்தொன்று. அவர் மனைவி செண்பகமும் அண்ணனும் மாற்றி மாற்றிக் கையால் ரப்பர் பையை அமுக்கி அவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரேணுகா போகும்போதும் வரும்போதும் செண்பகம் எழுந்து நிற்பாள்.

ஒருநாள் அவளே பேசினாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் தொப்பிக்குப் பதில் சொல்லிடக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிறேன்க்கா. தப்புன்னு தெரியுது. வேண்டிக்காம இருக்க முடியல."

ரேணுகாவுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

குணசீலன் மாம்பழத்தையும் நினைக்கவில்லை, மழையையும் நினைக்கவில்லை. மூளையில் பேச்சு இருக்கும் இடமே போய்விட்டது என்றான் தொப்பியைக் கவனிக்கும் பொறியாளர் எபினேசர். "நாம பேசறது அவருக்கு வெறும் சத்தம்தான்க்கா. தமிழும் ஒண்ணுதான், காக்கா கத்தறதும் ஒண்ணுதான்." மூன்று மாதம் அவன் எல்லாம் செய்து பார்த்தான். பிறகு ஒரு மதியம் ரேணுகா பொழுது போகாமல் கைப்பேசியில் ஒரு போட்டியின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அது குணசீலனின் கண்ணுக்கு நேராக இருக்க, எபினேசரின் திரையில் கோடுகள் எழும்பிக் குதித்தன. பேச்சு எரிந்துபோன வீட்டில் சதுரங்கம் இருந்த அறை மட்டும் எரியாமல் நின்றிருக்கிறது.

எபினேசர் படுக்கைக்கு மேலே கூரையில் ஒரு திரையை மாட்டினான். பலகை தெரிந்தால் குணசீலன் மனசுக்குள் ஒரு கட்டத்தை நினைத்தார், பிறகு இன்னொரு கட்டத்தை. எங்கிருந்து, எங்கே. இரண்டு கட்டம் தெரிந்தால் ஒரு நகர்த்தல் ஆயிற்று. ரேணுகா அன்று தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மனுஷன் இருக்கிறார். உள்ளேயே உட்கார்ந்து ஆட ஆளில்லாமல் காத்திருக்கிறார்.

அதைத்தான் இப்போது ஒரு பூசணிக்காய் வந்து கெடுத்துவிட்டது.

"விஷயம் என்னன்னா," என்று டாக்டர் மீனலோசனி எபினேசரைப் பார்த்தார். "உங்க மெஷினுக்குள்ள திருத்தின்னு ஒண்ணு வெச்சிருக்கீங்க இல்ல? அதச் சொல்லுங்க அவங்களுக்கு."

எபினேசர் தலையைச் சொறிந்தான். "அக்கா, தலைக்குள்ள இருந்து வர்றது கலங்கலாத்தான் வரும். டாக்டர் கிறுக்கினத மருந்துக் கடைக்காரர் ஊகிச்சுப் படிக்கிற மாதிரி, திருத்தி ஊகிக்கும். இந்த இடத்துல சாதாரணமா ஒருத்தர் என்ன ஆடுவாரோ அதையே எடுத்துக்கும். உள்ள ஒண்ணுமே இல்லன்னா மொத்தமும் ஊகம்தான். பூசணிக்காய் ஆடல. திருத்திதான் ஆடிச்சு."

"நேத்து ஆடினதும் திருத்தியா இருக்கலாம்," என்றார் டாக்டர். "இல்லன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

"திருத்திய எடுத்துடுங்க," என்றாள் ரேணுகா.

"எடுத்தா ஒரு கட்டத்த மூணு தடவ படிக்கணும்க்கா. ரெண்டு தடவயாவது ஒத்து வரணும். ஒரு நகர்த்தலுக்கு அஞ்சாறு நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும். போட்டியில அரை மணி நேரம் யோசிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன்."

டாக்டர் மீனலோசனி கெட்டவர் அல்ல. நானூறு குடும்பங்களிடம் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் குரல் அப்படி ஆகிவிட்டது. அவர் நிபந்தனை சொன்னார். ஒரே ஓர் ஆட்டம். எதிராளியை வாரியம் கொண்டுவரும். திருத்தி பக்கத்து அறையில் தனியாக ஊகித்துக்கொண்டிருக்கும், பலகைக்கு வராது. அது 'இதை யாரும் ஆடமாட்டார்கள்' என்று ஒதுக்கித் தள்ளும் நகர்த்தல்கள் குறைந்தது ஐந்து குணசீலனிடமிருந்து வர வேண்டும். அப்போதுதான் அது திருத்தியின் வேலை இல்லை என்று ஒப்புக்கொள்ள முடியும்.

"கோணல்மாணலா அஞ்சு வந்து, தோத்துட்டா?" என்று கேட்டான் எபினேசர்.

"கோணல்மாணலா வர்றதுக்கு மெஷின்ல வர்ற அர்த்தமில்லாத இரைச்சலே போதுமே. ஜெயிக்கணும். நாளன்னிக்கு இருநூறாவது நாள். காலைல பத்து மணி."

அவர் போனபிறகு எபினேசர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "யாருமே ஆடாததையும் ஆடணும், ஜெயிக்கவும் செய்யணும். முழுசா நல்லா இருக்கறவங்களாலயே முடியாதுக்கா."

ரேணுகாவின் கவலை அதைவிடப் பெரிது. குணசீலனுக்குச் சதுரங்க வட்டாரத்தில் 'டிரா குணா' என்று பெயர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை வாங்கி, முப்பது வருஷம் ஒரே தற்காப்பை ஆடியவர். கறுப்புக் காய் வந்தால் சுவர் எழுப்புவார். சிப்பாய்க்குப் பின்னால் சிப்பாய், அதற்குப் பின்னால் குதிரை. எதிராளி நாலு மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டு, தலைவலியோடு சமாதானத்துக்குக் கை நீட்டுவான். "ஏங்க, ஒரு தடவையாவது அடிச்சு ஆடுங்களேன்" என்று கல்யாணமான புதிதில் இவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "அடிச்சு ஆடறவன் பாதி நாள் அடி வாங்கறான்" என்பார். அந்த மனுஷன் ஆடும் ஒவ்வொன்றும் திருத்தி முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய நகர்த்தல்தான். அவரிடம் போய் இந்த ஒரு தடவை கண்மூடித்தனமாக ஆடுங்கள் என்று எந்த பாஷையில் சொல்வது? காதில் கத்தினாலும் அவருக்குக் காக்கைச் சத்தம்.

வீட்டுக்குப் போய் அவருடைய ஆட்டத் தாள்களை எல்லாம் இறக்கினாள். தொள்ளாயிரத்துக்கு மேல் இருந்தன. அத்தனையும் சுவர். மதியம் வரைக்கும் புரட்டி மூன்றைக் கண்டுபிடித்தாள். இருபத்திரண்டு வயதில், இவளைப் பார்ப்பதற்கு முன்னால், டிராக்ஸ்லர் என்ற எதிர்த்தாக்குதலை ஆடியிருக்கிறார். வெள்ளையின் குதிரை பாய்ந்து வந்து கறுப்பு ராஜாவின் வாசலில் நிற்கும். எல்லோரும் வாசலை அடைப்பார்கள். டிராக்ஸ்லர் ஆடுகிறவன் அடைக்க மாட்டான். வீடு கொள்ளை போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு எதிராளியின் வீட்டைக் கொளுத்தப் போவான். மூன்றில் இரண்டு ஆட்டத்தில், மேலே ஆடாமல் தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் பண்ணியிருக்கிறார். ஜெயித்த மூன்றாவதின் தாளில் அவர் கையெழுத்து நடுங்கியிருந்தது. அதன்பிறகு வாழ்நாளில் அதைத் தொடவில்லை.

அந்த மூன்று ஆட்டங்களைக் கூரைத் திரையில் ஓட்டினாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அன்று மாலை வரைக்கும், மறுநாள் பூராவும். வேறு எதையும் காட்டவில்லை. இது ஏமாற்று வேலையா என்று அவளுக்குள் இருந்த நடுவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் எதை வேண்டுமானாலும் படிக்கலாம், விதியில் தடையில்லை. ஆட்டம் தொடங்கியபிறகு இருமக்கூடக் கூடாது. அந்த வரையில் அவள் மனசாட்சி ஒத்துக்கொண்டது.

"அவருக்குப் போர் அடிச்சிருக்கும்க்கா," என்றான் எபினேசர்.

"அடிக்கட்டும். ஏன் இவ இதையே காட்டறான்னு யோசிக்கட்டும்."

இருநூறாவது நாள் காலை வாரியம் கொண்டுவந்த எதிராளியை ரேணுகாவுக்கு முன்பே தெரியும். அஃப்ரீன், சர்வதேச மாஸ்டர், இருபத்து நாலு வயது. ரேணுகா நடுவராக இருந்த போட்டிகளிலேயே நாலு கோப்பை வாங்கியவள். எதிராளி யார், அம்மாவா அப்பாவா என்று பார்த்து ஆடும் பெண் இல்லை.

"மேடம், குணா சார்னு எனக்கு இங்க வந்துதான் தெரியும்," என்று அவள் தயங்கினாள். "நான் வேணும்னே விட்டுக்குடுத்தா..."

"குடுத்தா அது செல்லாதும்மா. நல்லா ஆடு."

சீட்டுக் குலுக்கியதில் குணசீலனுக்குக் கறுப்பு வந்தது. அஃப்ரீன் படுக்கைக்குப் பக்கத்தில் மரப்பலகையை வைத்து உட்கார்ந்தாள். போட்டிகளில் வைக்கும் மின்னணுப் பலகை அது, காயை நகர்த்தினால் கூரைத் திரையிலும் நகரும். ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினாள்.

ஆறு நிமிஷம் ஆனது. ரேணுகா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அவர் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார், பிஷப் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம், சுவரின் முதல் செங்கல்.

எபினேசர் படித்தான். "இ-7... இ-5."

சுவர் இல்லை. புரிந்துகொண்டுவிட்டார். ரேணுகா முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலாவது நகர்த்தலில் அஃப்ரீனின் குதிரை பாய்ந்து வந்து வாசலில் நின்றது. குணசீலன் வாசலை அடைக்கவில்லை. பிஷப்பை எடுத்துத் தூரத்தில் வைத்தார். பக்கத்து அறையிலிருந்து டாக்டரின் உதவியாளர் எட்டிப் பார்த்து, "ஒண்ணு," என்றார். திருத்தி ஒதுக்கியது.

அஃப்ரீன் அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். தொப்பி தப்பாகப் படித்துவிட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் மிரட்டும்படி குதிரையை உள்ளே இறக்கினாள். குணசீலன் தன் பிஷப்பைக் கொண்டுபோய் வெள்ளை ராஜாவின் மடியில் போட்டுச் செக் வைத்தார். "ரெண்டு." அதை வெட்டாமல் ஒதுங்கியிருந்தால் அஃப்ரீன் தப்பித்திருப்பாள். இரைச்சலுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று வெட்டினாள். அதன்பிறகு கறுப்புக் குதிரை வந்தது, ராணி வந்தது, குதிரை மறுபடி சிப்பாய்களுக்கு நடுவில் விழுந்து செத்தது. "மூணு." மூலையில் தன் யானை போவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டாவது குதிரையை நடுவுக்கு அனுப்பினார். "நாலு," என்றபோது உதவியாளரின் குரலே மாறியிருந்தது. டாக்டர் மீனலோசனி தன் நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அஃப்ரீன் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் கை, காது சிவந்திருந்தது. எதிரே மனுஷன் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட ஆட்டக்காரியின் முகம் அது. ஒவ்வொரு செக்கிலிருந்தும் நழுவினாள். கறுப்பிடம் காய்கள் குறைந்துகொண்டே வந்தன. தாக்குதல் இன்னும் இரண்டு நகர்த்தலில் தீர்ந்துபோனால் குணசீலன் வெறுங்கையோடு நிற்பார்.

பதினேழாவது நகர்த்தலில் எபினேசர், "ஜி-3," என்றான். அங்கே கறுப்பு ராணி நின்றது. எங்கே போக வேண்டும் என்ற இரண்டாவது கட்டம் வரவில்லை.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி, ராணியைத் தொட்டாயிற்று. இருபது நிமிஷம். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் எண் ஏற ஆரம்பித்தது. நர்ஸ் வந்து ஊசி போடட்டுமா என்று கேட்டார். போட்டால் தூங்கிவிடுவார் என்றான் எபினேசர். ஒருவரும் ரேணுகாவைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள்.

"வேண்டாம்," என்றாள். சொன்ன மறுகணமே தான் என்ன மனுஷி என்று தோன்றியது. செத்துப் போனாலும் பரவாயில்லை, ஆடிவிட்டுச் சாகட்டும் என்றல்லவா இதற்கு அர்த்தம்?  அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் ஆட்டக்காரரைத் தொடக் கூடாது. முந்தானையைப் பிசைந்துகொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். கீழே வராந்தாவில் செண்பகமும் இதே நேரத்தில் அதே சாமிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்பதும் தெரிந்தது.

கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் மீதி இருந்தது. "எஃப்-3," என்று எபினேசர் கத்தினான். "மூணு தடவையும் எஃப்-3!"

ராணியைக் கொண்டுபோய் வெட்டுவாயில் வைத்துவிட்டார். உதவியாளர் "அஞ்சு" என்று சொல்லவில்லை, ஓடியே வந்துவிட்டார். அஃப்ரீன் அந்த ராணியை ரொம்ப நேரம் பார்த்தாள். வெட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. வெட்டினாள். அதற்கப்புறம் குதிரை, பிஷப், இருந்த ஒற்றை யானை. இருபத்தோராவது நகர்த்தலில் வெள்ளை ராஜா போக இடமில்லாமல் நின்றது.

கறுப்புக்கு வெற்றி.  அஃப்ரீன் எழுந்து, கட்டில் விளிம்பில் கிடந்த குணசீலனின் கையை எடுத்துக் குலுக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"என்னோட ஆட்டத்துலயே இதுதான் மேடம் பெஸ்ட். தோத்தது நானா இருந்தாலும்."

டாக்டர் மீனலோசனி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் போய்ச் சான்று தட்டச்சு பண்ணச் சொல்றேன்," என்றார். கதவு வரை போனவர் திரும்பி வந்து ரேணுகாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.  ரேணுகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எபினேசர் அவளைப் பிடித்து உட்கார வைத்தான்.

அஃப்ரீன் பழக்கதோஷத்தில் பலகையை ஒழுங்கு பண்ணினாள். காய்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு ராஜாக்களை மட்டும் பலகையின் நடுவில் வைத்தாள்.

"அது எதுக்கு?" என்று எபினேசர் கேட்டான்.

"எலக்ட்ரானிக் போர்டுதானே சார், யார் ஜெயிச்சாங்கன்னு அதுக்குத் தெரியாது. கறுப்பு ஜெயிச்சா ரெண்டு ராஜாவயும் நடுவுல கறுப்புக் கட்டத்துல வெப்போம். வெள்ளை ஜெயிச்சா வெள்ளைக் கட்டத்துல. எல்லாப் போட்டியிலயும் கடைசியா இதத்தான் செய்வோம். குணா சார் ஆயிரம் தடவ வெச்சிருப்பாரு."

கூரைத் திரையிலும் இரண்டு ராஜாக்கள் கறுப்புக் கட்டத்தில் நின்றன. எபினேசர் தொப்பியை இன்னும் கழற்றவில்லை. அவன் திரை சிணுங்கியது.

"ஆட்டம் முடிஞ்சும் நினைக்கிறாருக்கா. டி-4, இ-4. அப்புறம்... இ-5, டி-5."

அஃப்ரீன் சிரித்துக்கொண்டே அவன் சொன்னபடி ராஜாக்களை நகர்த்தினாள். நகர்த்தி முடித்ததும் சிரிப்பு நின்றது. இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் இருந்தன.

"வெள்ளை ஜெயிச்சதுன்றாரே, மேடம்," என்றாள் மெதுவாக.

"குழப்பமா இருக்கும்," என்றாள் ரேணுகா. "களைப்பு. எவ்வளவு நேரம் ஆடியிருக்கார்." எழுந்துபோய் அவளே ராஜாக்களைக் கறுப்புக் கட்டத்துக்குத் திருப்பி வைத்தாள். நீங்கள்தான் ஜெயித்தீர்கள், பாருங்கள்.

திரை மறுபடி சிணுங்கியது. இ-4. டி-5. வெள்ளை.

அவள் கறுப்பில் வைத்தாள். அவர் வெள்ளைக்கு மாற்றினார். ஏழு மாதத்தில் இருவருக்கும் நடந்த முதல் பேச்சு இதுதான், அதுவும் சண்டையாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எந்தச் சண்டையிலும் அவர் இவ்வளவு பிடிவாதம் பிடித்ததில்லை.

அவளுக்குள் இருந்த நடுவர் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொன்னார். சோதிக்காதே என்று மனைவி கெஞ்சினாள். கை என்னவோ காய்களை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டது. எல்லாக் காய்களையும் ஆரம்ப இடத்தில் வைத்து, பலகையைத் திருப்பினாள். இப்போது வெள்ளை அவர் பக்கம். புது ஆட்டம், முதல் நகர்த்தல் அவருடையது. ஆடுங்கள். எதையாவது ஆடுங்கள். சுவர்கூடக் கட்டுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எபினேசர் படிக்கப் படிக்க அவன் குரல் தேய்ந்தது. "இ-1... டி-4. இ-8... இ-5."

எந்தச் சிப்பாயையும் தொடவில்லை. இரண்டு ராஜாக்களையும் நேராகத் தூக்கி நடுவில், கறுப்புக் கட்டத்தில் வைத்துவிட்டார். அவர் கறுப்பாக இருந்தால் வெள்ளைக்கு வெற்றி. அவர் வெள்ளையாக இருந்தால் கறுப்புக்கு வெற்றி. குழப்பமும் இல்லை, களைப்பும் இல்லை. எந்தப் பக்கம் உட்கார வைத்தாலும் தோல்வி தன்னுடையது என்று கை நீட்டுகிறார்.

இந்த ஆட்டம் எதற்காக என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆட்டம் என்று வந்தது, ஆடினார். வேண்டுமென்றே தோற்கத் தெரியாத மனுஷன், அதனால் ஜெயித்தார். இப்போது, கேட்க ஆள் கிடைத்திருக்கிறது என்று தெரிந்ததும், தான் சொல்ல நினைத்ததைச் சொல்கிறார், போதும் என்று. ஏழு மாதம் அவர் உள்ளே ஆட ஆளில்லாமல் காத்திருக்கிறார் என்றுதான் இவள் நினைத்திருந்தாள். எதற்குக் காத்திருந்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வழியில்லை என்பது உண்மை. வழி இருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள் என்பதும் உண்மை.

"அக்கா," என்றான் எபினேசர். அவனுக்கும் விளங்கிவிட்டது. "ஆட்டத்துக்கு அப்புறம் வந்தது எதுவும் கணக்குல இல்ல. நான் தொப்பியக் கழட்டிடறேன்."

அவன் கழற்றுவதற்குள் டாக்டர் மீனலோசனி சான்றோடு வந்துவிட்டார். முத்திரையெல்லாம் குத்தியிருந்தது.

"இந்த நிமிஷத்துல இருந்து உங்க வீட்டுக்காரர் இருக்கறவர்," என்றார். முகத்தில் நிஜமான சந்தோஷம் தெரிந்தது. "சட்டப்படி இனிமே மூச்சு மெஷின் உள்பட எது வேணும், எது வேணாம்னு அவர் சொல்றதுதான் செல்லும். நீங்களோ நானோ குறுக்க வர முடியாது. அவர் ஒண்ணும் சொல்லாத வரைக்கும் இந்தப் படுக்கை அவரோடது." கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவரின் கண் எபினேசரின் திரையில் நின்றது. "இது என்ன? ஆட்டம் முடிஞ்சப்புறம் எட்டு, பத்து வரி வந்திருக்கு?"

"அது வெறும் இரைச்சல் மேடம்," என்றான் எபினேசர் அவசரமாக.

பேனா நின்றது. "இரைச்சலா? மூணுக்கு மூணு ஒத்துப்போயிருக்கே. இவ்வளவு சுத்தமா இரைச்சல் வரும்னா, காலைல இருந்து வந்தத நான் எப்படி நம்பறது?" அவர் குரலில் சந்தோஷம் போய் மறுபடி பழைய கவலை வந்திருந்தது. ரேணுகாவின் பக்கம் திரும்பினார். "நீங்க நடுவர். சொல்லுங்கம்மா. இது இரைச்சலா, அவரா?"

இரைச்சல் என்றால் ஆட்டமும் இரைச்சல். சாயங்காலத்துக்குள் இயந்திரத்தைக் கழற்றிவிடுவார்கள், குணசீலன் இல்லாதவராகப் போவார். அவர் என்றால், அவர் சொன்னது செல்லும். இரண்டில் எதைச் சொன்னாலும் இன்றைக்கோ நாளைக்கோ இந்தக் கட்டில் காலியாகும். மூன்றாவதாக ஒரு நகர்த்தல் இருக்கிறதா என்று அவள் தேடினாள். நல்ல மனசோடு எபினேசர் ஏதாவது பொய் கண்டுபிடிப்பான். அஃப்ரீன் வாய் திறக்கமாட்டாள். டாக்டருக்குச் சதுரங்கம் தெரியாது. 'அடுத்த ஆட்டம் கேட்கிறார் மேடம்' என்று சொன்னால் போதும், நம்பிவிடுவார், கையெழுத்துப் போட்டுவிடுவார். குணசீலன் இன்னும் பத்து வருஷம் இருப்பார். ஒவ்வொரு நாளும் இரண்டு ராஜாக்களையும் நடுவில் கொண்டுவந்து வைப்பார். அவள் ஒவ்வொரு நாளும் எடுத்துத் திருப்பி வைப்பாள்.

அவருடைய திறந்த கண்ணைப் பார்த்தாள். அது கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவர்தான்," என்றாள் ரேணுகா. சொல்லும்போதே அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "ஒரு வரி விடாம எல்லாமே அவர்தான் மேடம்."

"என்ன சொல்றார்?"

அஃப்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனையோ மேசைகளுக்குப் போய் எத்தனையோ பேரின் முடிவை ரேணுகா எழுதியிருக்கிறாள், ஒரு தடவைகூடக் குரல் நடுங்கியதில்லை.

"ரிசைன் பண்றார்," என்றாள்.